கண் விழிப்பது வீரமா?

ஒரு காரியத்தை ஒருவன் பிரமாதமாகச் செய்து முடித்தான் என்று சொல்ல வேண்டுமானால், "ராப்பகல் தூங்காமல் செய்தான்" என்று சொல்லுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பரீட்சைக்குப் படித்த பிள்ளை, கல்யாணத்தை நடத்தி முடித்த பெண்ணின் தகப்பனார், தீபாவளி மலருக்குக் கதை கொடுத்த எழுத்தாளன், எல்லாருக்கும் இந்த ஒரே சர்ட்டிபிகேட்தான். நன்றாகத் தூங்கி எழுந்து, காப்பி குடித்துவிட்டு, தெளிந்த புத்தியோடு உட்கார்ந்து அதே காரியத்தைச் செய்து முடித்தவனை யாரும் மெச்சுவதில்லை. ஏதோ சுலபமான காரியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்தப் பைத்தியம் நம் வீட்டுத் திண்ணையோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். எனக்கு மிகவும் பிடித்த ஒரு விளையாட்டை அது வந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடித்த விஷயமாக இருப்பதால்தான் சண்டைக்கு வருகிறேன். பிடிக்காத விஷயங்களோடு சண்டை போட எனக்கு ஆயுசு போதாது.

நான் சொல்லுவது மலைச் சைக்கிள் பந்தயம்; அதிலும் நாள் கணக்கில் ஓடுகிற நெடும் பந்தயம். அவற்றுள் தலைசிறந்தது என்று நான் கருதுவது 'டூர் டிவைட்' என்பது. கனடாவில் பான்ஃப் என்ற மலை ஊரில் புறப்பட்டு, அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங், கொலராடோ மாநிலங்களின் வழியாக ராக்கி மலைத் தொடரின் முதுகெலும்பிலேயே ஏறி இறங்கி, நியூ மெக்ஸிகோவில் மெக்ஸிகோ எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆன்டிலோப் வெல்ஸ் என்ற இடத்தில் போய் முடியும் பாதை அது. ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரம் போய்ச் சேர்ந்த பிறகும் கொஞ்சம் திரும்பி வரலாம், அவ்வளவு தூரம். பெரும்பகுதி மண் சாலை, கப்பிச் சாலை, காட்டு வழி. வட அமெரிக்கக் கண்டத்தின் மழை நீர் ஒரு பக்கம் பசிபிக்குக்கும் மறுபக்கம் அட்லாண்டிக்குக்குமாகப் பிரிந்து ஓடுகிற முகடு ஒன்று இருக்கிறதல்லவா? அந்த முகட்டை இந்தப் பாதை மீண்டும் மீண்டும் குறுக்கே கடக்கிறது.

ஜூன் மாதத்தில் இரண்டாவது வெள்ளிக்கிழமை புறப்பாடு. வடக்கே கணவாய்களில் அப்போதும் பனி கிடக்கும்; சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மொன்டானாக் காடுகளில் கரடி உண்டு. வயோமிங்கில் ஒரு பெரிய பொட்டல்; தண்ணீரை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளாமல் போனவன் திண்டாடுவான். கொலராடோவில் பாதையின் உச்சி 3,600 மீட்டரைத் தாண்டுகிறது. தொட்டபெட்டாவின் தலைமேல் இன்னோர் ஆயிரம் மீட்டரை வைத்ததற்குச் சமம். நியூ மெக்ஸிகோ மழைச் சேறு இருக்கிறதே, அது அலாதி. நம் கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு மாட்டு வண்டி ஓட்டினவர்களுக்கு அது புரியும். சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்துப் பிசைந்து ஒரே உருண்டையாக்கிவிடும். பிறகு சைக்கிள் மனிதன் மேல்தான் சவாரி செய்ய வேண்டும்.

இத்தனைக்கும் பரிசு என்ன தெரியுமா? ஒன்றுமில்லை. நுழைவுக் கட்டணமும் கிடையாது. பரிசுப் பணமும் கிடையாது. முடிவிடத்தில் ஓர் எல்லைச் சாவடி இருக்கிறது; அவ்வளவுதான். போட்டியாளன் தனக்கு வேண்டியதைத் தானே சுமக்க வேண்டும். வழியிலுள்ள கடையில் வாங்கித் தின்னலாம். விடுதியில் அறை எடுக்கலாம். ஆனால் எல்லாருக்கும் கிடைக்கக்கூடிய கடையாகவும் அறையாகவும் இருக்க வேண்டும். வழியில் சித்தப்பா வீடு இருந்தால் அங்கே போய் இட்டலி சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது. பாதையை விட்டு விலகினால், விலகின அதே இடத்துக்குத் திரும்பி வந்துதான் மேலே போக வேண்டும். இதையெல்லாம் கண்காணிக்க நடுவர் யாரும் உடன் வருவதில்லை. ஒவ்வொருவர் சைக்கிளிலும் இருக்கும் இடத்தைச் செயற்கைக் கோள் வழியாகத் தெரிவிக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. மற்றபடி அவரவர் மனச்சாட்சியே நடுவர்.

இதைவிட உயர்ந்த விளையாட்டு ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிற பெரியவர்கள் உண்டு. நாவல் எழுதுகிறவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது நியாயமல்ல. அவன் பிழைப்பே அதில் அடங்கியிருக்கிறது. ஆகையால் அவர்களை இந்த இடத்திலேயே வணங்கி விடை கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

என் சண்டை வேறு. புறப்படுகிற நிமிஷத்தில் ஓடத் தொடங்கும் கடிகாரம் எல்லைச் சாவடி வரும் வரையில் நிற்பதே இல்லை. சாப்பிடும்போது ஓடுகிறது, பஞ்சர் ஒட்டும்போது ஓடுகிறது, தூங்கும்போதும் ஓடுகிறது. ஆகவே தூங்குகிறவன் தோற்கிறான். இதுதான் சூத்திரம். சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கும் எல்லா வரிகளையும்விட இதுவே பலமாக வேலை செய்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தப் பாதையைத் தனி ஆளாக ஓட்டிக் கடந்து நேரம் குறித்தவர் ஜான் ஸ்டாம்ஸ்டட் என்ற அமெரிக்கர். 1999-ல் அவருக்கு 18 நாட்களுக்குச் சற்று அதிகமாயிற்று; அப்போது பாதை கனடா எல்லையிலிருந்துதான் தொடங்கியது, தூரமும் இப்போதையதைவிடக் குறைவு. 2016-ல் பிரிட்டனைச் சேர்ந்த மைக் ஹால், பான்ஃபிலிருந்தே புறப்பட்டு 14 நாட்களுக்குச் சற்றுக் குறைவாக முடித்தார். 2025-ல் ஸ்விட்சர்லாந்தின் ராபின் கெம்பெர்லே 12 நாட்களுக்கும் குறைவாக முடித்துவிட்டார். 4,400 கிலோமீட்டரைப் பன்னிரண்டால் வகுத்தால் நாள் ஒன்றுக்கு 360 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. மண் சாலையில், மலையில், மூட்டையோடு மணிக்குச் சராசரி 20 கிலோமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 18 மணி நேரம் மிதித்தாக வேண்டும். மிச்சம் ஆறு மணி. அந்த ஆறு மணிக்குள்தான் சாப்பாடு வாங்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், சங்கிலிக்கு எண்ணெய் விட வேண்டும், காலில் புண் இருந்தால் கட்டுப் போட வேண்டும். எல்லாம் போக எது மிஞ்சுகிறதோ அதற்குப் பெயர் தூக்கம். சைக்கிள் இலேசாகியிருக்கிறது, விளக்குகள் நன்றாக எரிகின்றன, டயர்கள் மேம்பட்டிருக்கின்றன, மனிதர்களும் கெட்டிக்காரர்களாகியிருக்கிறார்கள், வாஸ்தவம். ஆனால் இனிமேல் இந்த நேரத்தைக் குறைக்க நினைக்கிறவன் முதலில் கைவைக்கப் போவது எதிலே? நாளுக்கு 24 மணி என்பதை யாராலும் நீட்ட முடியாது.

இந்தத் தூக்கம் எப்படிப் பணயப் பொருளாயிற்று என்பதற்கு ஒரு சுவாரசியமான சரித்திரம் உண்டு. 1992-ல் மேற்கு வர்ஜீனியாவில் கேனன் என்ற இடத்தில் 24 மணி நேர மலைச் சைக்கிள் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். நாலு பேர் கொண்ட கோஷ்டி. ஒருவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தால் அடுத்தவர் போவார். ஒருவர் மிதிக்கும்போது மற்ற மூவரும் கூடாரத்தில் சாப்பிடலாம், கதை பேசலாம், குறட்டை விடலாம். பார்க்கப் போனால் ஒரு திருவிழா. 1996-ல் நம் ஸ்டாம்ஸ்டட் என்ன செய்தார் தெரியுமா? தம்முடைய ஒரே பெயரை நாலு விதமாக எழுதி, நாலு பேர் கோஷ்டி என்று பதிவு செய்துகொண்டு, தாம் ஒருவராகவே 24 மணி நேரமும் ஓட்டித் தீர்த்துவிட்டார்!

படித்தவுடன் சிரிப்பு வருகிறது, எனக்கும் வந்தது. இந்தக் குறும்புக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். ஆனால் நாலு பெயரில் ஒரே ஆள் நின்றபோது குறைந்தது மூன்று ஆள் மட்டுமல்ல. கூடாரத்தில் நடந்துகொண்டிருந்த தூக்கமும் போயிற்று. அதுவரையில் தூக்கம் பந்தயத்துக்கு வெளியே இருந்தது. அன்றோடு உள்ளே வந்துவிட்டது. பிறகு தனி ஆளுக்கென்றே பிரிவு ஏற்பட்டது, உலகச் சாம்பியன் பட்டமும் ஏற்பட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சைக்கிள் உலகம் இந்தப் பாடத்தை நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு தரம் படித்துத் தேறியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க் நகரத்தின் மாடிஸன் சதுக்க மைதானக் கட்டடத்தில் ஆறு நாள் சைக்கிள் பந்தயம் நடந்துவந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் கூடாது என்பதற்காக ஆறு நாள். மற்றபடி இரவும் பகலும் தனி ஆள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் வந்து பார்ப்பார்கள். கடைசி நாட்களில் ஓட்டுகிறவர்களுக்குப் புத்தி பேதலித்துப் பிரமைகள் தோன்றும், கீழே விழுவார்கள், பயிற்சியாளர்கள் தூக்கி உட்காரவைத்துத் தள்ளிவிடுவார்கள். பார்க்கச் சகிக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. 1898-ஐ ஒட்டி நியூயார்க், இல்லினாய் மாநிலங்கள் ஒரு மனிதன் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் பந்தயம் ஓட்டக் கூடாது என்று சட்டம் போட்டன.

பந்தயம் நடத்துகிற முதலாளி பாதி நாள் கட்டடத்தைப் பூட்டிவைப்பாரா? அவர் யோசித்தார். கோஷ்டிக்கு இரண்டு பேர் என்று மாற்றினார். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் ஓய்வெடுக்கலாம். பந்தயம் செத்தா போயிற்று? இல்லை. முன்னைவிட வேகமாக, முன்னைவிடச் சாமர்த்தியமாக நடந்தது. அந்த மைதானத்தின் பெயராலேயே 'மாடிஸன்' என்று இன்றைக்கும் ஒலிம்பிக்கில் ஒரு சைக்கிள் போட்டி இருக்கிறது. தூக்கத்துக்காகப் போட்ட ஒரு சட்டம் பெற்ற குழந்தை அது.

அந்தக் காலத்து முதலாளிக்கு இருந்த புத்தியைக்கூட நாம் பயன்படுத்த மாட்டோம் என்பது என்ன பிடிவாதம்?

தமிழ்நாட்டில் சிற்றூர்களில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு காட்சி நினைவிருக்கும். பள்ளிக்கூட மைதானத்தின் நடுவே ஒரு கம்பம். அதன் உச்சியில் ஒலிபெருக்கி. கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஒருவர் சைக்கிள் ஓட்டிக்கொண்டேயிருப்பார். ஏழு நாள், எட்டு நாள், இறங்காமல். சைக்கிள் மேலேயே குளிப்பார், சைக்கிள் மேலேயே சோறு தின்பார். கீழே கிடக்கும் ரூபாய் நோட்டைக் குனிந்து எடுப்பார். மாலையானால் ஊரே கூடும்; சட்டையில் நோட்டுக் குத்துவார்கள். நாலாம் நாள் அவர் கண்ணைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. அவர் வயிற்றுக்காகச் செய்தார். வேறு வித்தை தெரிந்திருந்தால் அதைச் செய்திருப்பார். அவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் வயிற்றுக்கு வழியுள்ள மனிதர்கள், விலையுயர்ந்த சைக்கிளில் ஏறி, அதே வித்தையைப் புனிதமான சாதனை என்று சொல்லிக்கொண்டு செய்வதை ஒரு கேள்வியும் கேட்காமல் கைதட்ட என்னால் முடியவில்லை.

தூக்கமில்லாமை என்பது காலில் வரும் கொப்புளம் போன்ற ஒரு கஷ்டம், அதைப் பொறுத்துக்கொள்வது வீரம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் தப்பு. கொப்புளம் வந்தவனுக்குக் கொப்புளம் இருப்பது தெரியும். தூக்கமில்லாதவனுக்குத் தன் புத்தி மழுங்கியிருப்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய புத்தியேதான் மழுங்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவனின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் சாராயம் உள்ளவனின் கையும் கண்ணும் போலத்தான் வேலை செய்கின்றன. 24 மணி நேரம் விழித்திருந்தால் ஏறக்குறைய 0.10 சதவிகிதத்துக்குச் சமம். நம் நாட்டு மோட்டார் சட்டத்தில் 0.03 சதவிகிதத்தைத் தாண்டினாலே குற்றம். அதாவது, பந்தயத்தின் முதல் நாள் நடுநிசியிலேயே இவர்களில் பாதிப்பேர் குடிக்காமலே குடித்தவர்கள். அந்த நிலையில்தான் மலைச் சரிவில், கப்பிக் கல்லில், இருட்டில் இறங்குகிறார்கள்.

அமெரிக்காவில் லாரி ஓட்டுகிறவர் நாள் ஒன்றுக்கு 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மறுபடி உட்காருவதற்கு முன்பு தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு வேண்டும். நம் நாட்டில் 1961-ல் வந்த மோட்டார்த் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளைக்கு 8 மணி நேரம் என்றது. (நம் நாட்டில் அது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது வேறு கட்டுரை.) தூங்காதவன் கையில் வண்டியைக் கொடுக்கக் கூடாது என்பதில் அநேகமாக உலகம் முழுவதும் ஒருமித்த அபிப்பிராயம் இருக்கிறது. சைக்கிளுக்கு மட்டும் விலக்கு ஏன்? இரண்டு சக்கரம் குறைவு என்பதாலா?

இன்னொன்று கேளுங்கள். 1963 கடைசியிலும் 1964 தொடக்கத்திலுமாக ராண்டி கார்ட்னர் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவன் 264 மணி நேரம், அதாவது பதினோரு நாள், தூங்காமல் இருந்து காட்டினான். உலகத்திலுள்ள விசித்திரங்களை எல்லாம் பதிவு செய்கிற கின்னஸ் புத்தகம் அந்தச் சாதனைப் பிரிவையே பிற்பாடு மூடிவிட்டது. காரணம்: ஆபத்து. வாளை விழுங்குகிறவனுக்கும் உயரத்திலிருந்து குதிக்கிறவனுக்கும் பக்கம் ஒதுக்குகிற புத்தகம் இதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது என்றால், விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா?

இந்த வகைப் பந்தயங்களில் மரணங்கள் நடந்திருக்கின்றன. 2010-ல் டூர் டிவைடில் போட்டியிட்ட ஒருவர் கொலராடோவில் மண் சாலை ஒன்றில் எதிரே வந்த டிரக்கில் மோதி இறந்தார். மேலே சொன்ன மைக் ஹால், இந்த விளையாட்டில் எல்லாராலும் நேசிக்கப்பட்ட மனிதர், 2017 மார்ச் 31-ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடிய சாலைப் பந்தயத்தில், கான்பெராவுக்கு அருகே, வெளிச்சம் வருமுன் கார் மோதி இறந்தார். அந்தப் பந்தயமே அன்றோடு நிறுத்தப்பட்டது. இந்த மரணங்களுக்குத் தூக்கமின்மைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. இறந்தவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி என் கட்சியை ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இருட்டில், பொதுச் சாலையில், பல நாள் களைப்போடு ஒருவரை ஓடச் சொல்லுகிற கடிகாரத்தைப் பற்றிக் கேட்க எல்லாருக்கும் உரிமை இருக்கிறது.

இனி எதிர்க்கட்சி வாதத்தைக் கேட்போம். எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். சைக்கிள் என்றால் உயிர். நீலகிரியிலும் கொல்லிமலையிலும் அவர் மிதிக்காத வளைவு இல்லை. அவரிடம் இதைச் சொன்னேன்.

"சார், உங்களுக்கு விஷயம் புரியவில்லை. யாரும் யாரையும் தூங்காதே என்று சொல்வதில்லை. விருப்பமானவன் தூங்கட்டும்" என்றார்.

விருப்பம்! இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. பக்கத்துக் கூடாரத்துக்காரன் நடுநிசியில் எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். படுத்திருப்பவனுக்கு அதற்குப் பிறகு என்ன விருப்பம் பாக்கி? இரவு ஏழு மணிக்குக் கடையைச் சாத்த வியாபாரிக்கு விருப்பம்தான். எதிர்க் கடை பத்து மணி வரை திறந்திருந்தால் அந்த விருப்பத்தை என்ன செய்வது? எல்லாருக்கும் பொதுவாகக் கடை அடைப்பு நேரம் வைத்தபோதுதான் வியாபாரி வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார்.

"அப்படியல்ல. நன்றாகத் தூங்குகிறவன்தான் கடைசியில் ஜெயிக்கிறான். முதல் மூன்று நாள் கண் விழித்தவன் பத்தாம் நாள் படுத்துவிடுவான். இது அனுபவஸ்தர்கள் எல்லாரும் சொல்லுகிற விஷயம்."

ரொம்ப சந்தோஷம். அப்படியானால் தூக்கத்தைச் சட்டமாக்குவதால் ஜெயிக்கிறவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பத்தாம் நாள் படுத்துவிடப் போகிறவனை மூன்றாம் நாளே காப்பாற்றின புண்ணியம் மட்டும் மிச்சம். இந்த வாதம் என் கட்சிக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு வருகிறது. நண்பருக்கு அது தெரியவில்லை.

"சுதந்திரம் போய்விடுமே! வெயிலுக்குப் பயந்து ராத்திரி ஓட்ட வேண்டியிருக்கும். புயலுக்கு முன்னால் கணவாயைத் தாண்ட வேண்டியிருக்கும். இரவு பத்து மணிக்கு மணியடித்து எல்லாரையும் படுக்கவைக்க இது என்ன ஹாஸ்டலா?"

மணியடிக்க யார் சொன்னார்கள்? 24 மணி நேரத்துக்குள் ஏதாவது ஓர் ஆறு மணி நேரம் தொடர்ச்சியாக ஓரிடத்தில் நில். பகலில் நில், இரவில் நில், கரடி இல்லாத இடமாகப் பார்த்து நில். எப்போது நிற்பது என்று தீர்மானிப்பதே ஒரு சாமர்த்தியமாகிவிடும். அந்தச் சாமர்த்தியத்தில் போட்டி நடக்கட்டுமே. பார்க்க இன்னும் ரசமாக இருக்கும்.

"யார் கண்காணிப்பது?" என்றார் கடைசியாக.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு போட்டியாளனும் எங்கே இருக்கிறான், எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்பது தேசப்படத்தில் ஒரு சிறு புள்ளியாக உலகம் முழுவதும் தெரிகிறது. அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நாளைக் கழிக்கிற கூட்டம் ஒன்று எல்லாத் தேசத்திலும் இருக்கிறது. நானும் அந்தக் கூட்டம்தான். நம் ஊரில் மத்தியானச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற வேளை, ராக்கி மலையில் நடுநிசி தாண்டி ஒரு மணி. அப்போதும் சில புள்ளிகள் நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு தூக்கம் போட்டு எழுந்து நாலு மணிக்குக் காப்பியோடு பார்த்தால் அவை இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும். கண்காணிக்க ஆள் இல்லை என்று யார் சொன்னது? கண்காணிப்புக்குக் குறைவே இல்லை. எதைக் கண்காணிப்பது என்பதில்தான் குறை.

அந்த மனச்சாட்சிச் சட்டம் எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 2023-ல் ஆஸ்திரேலியரான லாக்லன் மார்ட்டன் இந்தப் பாதையைப் பன்னிரண்டரை நாட்களில் கடந்தார். அதுவரையில் யாரும் கடந்திராத வேகம். ஆனால் அவரைப் படம் பிடிக்க ஒரு குழு உடன் சென்றது என்பதால் அது சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. அவர்கள் அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. தெரிந்த முகம் ஒன்று வழியில் தென்பட்டாலே தனிமை கெட்டுவிடுகிறது என்பது அவர்கள் கட்சி. நான் அதை ஏற்றுக்கொள்கிறேன். மிகவும் நுட்பமான, அழகான நியாயம் அது. மனிதனின் தனிமைக்கு இவ்வளவு நுட்பமாகக் காவல் வைக்கத் தெரிந்தவர்களுக்கு அவன் தூக்கத்துக்கு ஒரு வரி எழுதத் தெரியாதா?

தூங்கவிட்டால் பந்தயம் சப்பென்று போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 2004 முதல் 'கேப் எபிக்' என்ற மலைச் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. எட்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம், அன்றைய கட்டம் முடிந்ததும் கடிகாரம் நின்றுவிடும். கோஷ்டிக்கு இரண்டு பேர். வழி நெடுக இருவரும் ஒருவரை ஒருவர் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பிரியக் கூடாது. (தம்பதிகளாகப் போகிறவர்களும் உண்டு. எட்டு நாள் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பிரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய சோதனை என்பதை விவாகமான வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) லட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ராத்திரி தூங்குகிறார்களே என்று அந்தப் பந்தயத்தை யாரும் சுலபம் என்று சொன்னதாக நான் கேட்டதில்லை.

2024-ல் அமெரிக்கப் பெண்மணி லேல் வில்காக்ஸ் சைக்கிளில் உலகத்தைச் சுற்றி வந்தார். 108 நாட்களும் சில மணிகளும். ஏறக்குறைய 29,000 கிலோமீட்டர். பெண்களில் அதற்கு முந்திய சாதனை 124 நாட்கள். 108 நாள் கண் விழித்து யாராலும் ஓட்ட முடியாது. தினம் படுத்து எழுந்து, தினம் மிதித்துத்தான் உலகத்தைச் சுற்ற முடியும். என் கண்ணுக்கு அந்த அம்மாளின் 108 காலைப் பொழுதுகள் பெரிதாகத் தெரிகின்றன. ஆனால் அதைப் படமாக எடுப்பது கஷ்டம்; கதையாகச் சொல்வதும் கஷ்டம்.

இங்கேதான் நம் மேலும் குற்றம் வருகிறது. கதை எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள் எல்லார் மேலும்தான். தொடர்கதையில் கதாநாயகி இருமினால்தான் பத்திரிகை விற்கும் என்று ஒரு காலம் இருந்தது. ரத்தம் கக்கினால் இன்னும் ஆயிரம் பிரதி. இந்தப் பந்தயங்களைப் பற்றி வருகிற படங்களையும் புத்தகங்களையும் பாருங்கள். எதை ரசித்துச் சொல்லுகிறார்கள்? மரமெல்லாம் மனிதராகத் தெரிந்தது, பாறை பேசிற்று, இல்லாத தோழன் ஒருவன் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்தான், மிதித்துக்கொண்டே தூங்கிப் பள்ளத்தில் விழுந்தேன். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், வியக்கிறார்கள். அதே மனிதர் அதே மலையில் ஒரு கணவாயை எப்படி நிதானமாக, வேகத்தை அளந்து, மூச்சை அளந்து ஏறினார் என்று சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். ஆனால் அதுதானே வித்தை? சைக்கிளை மிதிக்கத் தெரிந்திருப்பது அங்கேதானே இருக்கிறது? புத்தி பேதலிப்பதற்கு வித்தை எதற்கு? என்னை நாலு நாள் தூங்கவிடாமல் நாற்காலியில் உட்காரவைத்தால் எனக்கும் பாறை பேசும்.

லட்சுமணன் பதினாலு வருஷம் தூங்கவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தத் தூக்கம் எங்கே போயிற்று என்று கிராமத்துப் பாட்டிகள் ஒரு கதை சொல்லுவார்கள். நித்திரா தேவி வந்து, "உன் பங்கை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டுமே" என்றாளாம்; அயோத்தியில் இருந்த ஊர்மிளை அதையும் சேர்த்துத் தானே தூங்கினாளாம். பதினாலு வருஷம்! கதை கட்டின பாட்டிக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. தெய்வாம்சம் உள்ளவனாகவே இருந்தாலும் தூக்கத்தை அழித்துவிட முடியாது. யாராவது கொடுத்துத் தீர்க்க வேண்டும். பான்ஃபிலிருந்து தனியாகப் புறப்படுகிறவனுக்கு ஊர்மிளை கிடையாது. எதிரே டிரக் ஓட்டிக்கொண்டு வருகிறவர், அவர் பாட்டுக்குத் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு வருகிறவர், அந்தக் கடனைக் கட்ட நேரலாம்.

சட்டம் வேண்டாம், சட்டம் என்றாலே அலர்ஜி என்று இவர்கள் பிடிவாதம் பிடிப்பார்களானால், அதைவிடச் சின்ன விஷயம் ஒன்று கேட்கிறேன். பந்தயம் முடிந்ததும் பெயர், நாள், மணி, நிமிஷம் என்று பட்டியல் போடுகிறார்களே, அதில் இன்னும் ஒரு பத்தி சேர்க்கட்டும். வழி நெடுக மொத்தம் எத்தனை மணி நேரம் நின்றார் என்று. அந்தக் கணக்கு ஏற்கெனவே அந்தச் சிறு கருவிகளிடம் இருக்கிறது. கூட்டிப் போட வேண்டியதுதான் பாக்கி. 14 நாளில் வந்து 90 மணி நேரம் நின்றவரையும், 13 நாளில் வந்து 40 மணி நேரம் நின்றவரையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடட்டும். யாரை முதலில் கைகுலுக்குவது என்று வாசகர்கள் தீர்மானித்துக்கொள்வார்கள். அடுத்த ஜூன் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமைக்குள் செய்யக்கூடிய காரியம்தான். ஒரு காசு செலவில்லை.